புறப்படாமலே போய்ச் சேர்ந்த வண்டி

மேட்டுக் குடியிருப்பில் ரொட்டிக்கடைத் தொழிலாளி ஒருவர் மாவு மூட்டையில் சாய்ந்தபடியே உயிரை விட்டபோது, அவரைக் காப்பாற்றக் கிளம்பிய அவசர உதவி இருசக்கர வண்டி நானூறு மீட்டர் கீழே, ஏற்றத்தின் நடுவில், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டி வந்த பெண் வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஒரு தோளில் ஆக்சிஜன் உருளையும் மறு கையில் மருந்துப் பெட்டியுமாக ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் அடுப்பை அணைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அவசர உதவி நிலையத்தில் எல்லோருக்கும் அவள் பஞ்சு. எந்தப் பையில் கையை விட்டாலும் பஞ்சுதான் வரும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

அன்று மதியம் வண்டியைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தவள், மெக்கானிக்கின் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. நிலையத்தின் மூன்று மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கும் அவர்தான் வைத்தியர். இருக்கைக்கு அடியில் இருந்த கன்ட்ரோலர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"என்னண்ணா ஆச்சு இதுக்கு?"

"ஒண்ணும் ஆகலம்மா. இதால முடிஞ்சதே இவ்வளவுதான்."

பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று முடிவு செய்வது கன்ட்ரோலர். இந்த வண்டியில் இருந்தது, சமதளத்தில் கடிதம் கொண்டுபோகும் வண்டிக்குச் செய்த சரக்கு. பின்சக்கரத்துக்குள் இருந்த மோட்டாரும் அதற்கேற்ற பொடிசு. இரண்டு பெட்டியையும் ஒரு ஆளையும் சுமந்துகொண்டு மேடேறச் சொன்னால் கன்ட்ரோலர் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தைக் குறைத்துவிடும். நோயாளியைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை.

"மோட்டாரை மாத்தணும், கன்ட்ரோலரையும் மாத்தணும். ரெண்டே சாமான். மாத்திட்டா இந்த மேட்டை மூணு நிமிஷத்துல ஏறும்" என்றார் மெக்கானிக்.

"இப்ப எவ்வளவு ஆகுது?"

"நல்லா இருந்தா ஒன்பது. இன்னிக்கு மாதிரி மக்கர் பண்ணா கணக்கே இல்ல."

"எழுதிக் கொடுங்கண்ணா. நானும் கையெழுத்துப் போடறேன்."

எழுதினார். துரித உதவி இயக்ககத்துக்கு ஒரு பக்கக் கடிதம். இருபத்தாறு நாள் கழித்து, 'துரிதம்' என்று சிவப்பு முத்திரை குத்திய உறையில் பதில் வந்தது. உள்ளே ஒரு படிவம்.

ஆறாவது கேள்வி வரைக்கும் மெக்கானிக் மளமளவென்று எழுதிவிட்டார். ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: 'இவ்வண்டியின் தொடக்க வேகம் போதாது என விண்ணப்பதாரர் கருதுகிறாரா? ஆம் எனில், போதாத வண்டியை வாங்கிய குழுவின் மீது அவர் சுமத்தும் குற்றம் யாது?' எட்டாவது கேள்வி: 'இல்லை எனில், விண்ணப்பம் எதற்கு?'

வாங்கிய குழுவின் தலைவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். இயக்குநரேதான். மெக்கானிக் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். அவருடைய மனைவி பள்ளி ஆசிரியை. முப்பது வருடமாகப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியவர். ஆனால் கேள்வித்தாளையே திருத்தத் தோன்றியது அன்றுதான் முதல் தடவை.

"ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க. பாராட்டி எழுதுங்க" என்றார்.

'வண்டி மிக நன்று. இன்னும் சற்று வேகமெடுத்தால் இன்னும் நன்று' என்று மெக்கானிக் எழுதினார். ஐம்பத்திரண்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய். இயக்ககம் அதை மனமார ஏற்றுக்கொண்டு, அவரையும் பஞ்சுவையும் கலந்தாய்வுக்கு அழைத்தது.

இயக்ககம் ஐந்து மாடிக் கட்டடம். மின்தூக்கி பழுது. படியேறிப் போனவர்களை ஒரு நீள மேசையின் கோடியில் உட்கார வைத்தார்கள். மறு கோடியில் இயக்குநர். அவருக்குப் பக்கத்தில் பதிவு அதிகாரி அம்மாள், மூன்று நிறங்களில் பேனா வைத்திருந்தார். முதலில் வண்டியைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். கட்டடத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில், வழவழவென்றிருந்த தரையில், முப்பது மீட்டர் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக ஒரு காவலாளி சிவப்புக் கொடியுடன் முன்னால் நடந்தார். வண்டி அவரை முந்தவில்லை. அவரை முந்துவதற்கு அனுமதியும் இல்லை.

"சார், இதை மேட்டுல ஓட்டிப் பாக்கணும். பிரச்சினையே அங்கதான்" என்றார் மெக்கானிக்.

இயக்குநர் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "இதுல எங்கயும் மேடுன்னு இல்லையே" என்றார்.

"ஊர்ல இருக்கு சார்."

"ஊர்ல ஆயிரம் இருக்கும். ஒப்பந்தத்துல இருக்கா?"

பிறகு மாடிக்குப் போய் அவர் உரையாற்றினார். கேட்க நான்கு பேர்தான். ஆனாலும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

"இந்த இயக்ககம் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினேழு ஆண்டுகளில் நாம் ஒரு முடிவைக்கூட அவசரப்பட்டு எடுத்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஒரு தொழிலாளத் தோழரின் மறைவு நம் எல்லோரையும் பாதித்தது. என்னை மிகவும் பாதித்தது. அந்த மாத அறிக்கையில் சராசரியே கெட்டுவிட்டது. வண்டி மெதுவாகக் கிளம்புகிறது என்கிறார்கள். நான் கேட்கிறேன், கிளம்புவது என்றால் என்ன? அதை யாராவது எங்காவது வரையறுத்திருக்கிறோமா? வரையறுக்காத ஒன்று தாமதமாகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?"

கடைசிக் கேள்வியில் அவருக்கே ஒரு வெளிச்சம் கிடைத்ததுபோல் இருந்தது. சற்று நிறுத்தி, பதிவு அதிகாரி அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவர் பச்சைப் பேனாவை எடுத்தார்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் வண்டி மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் கணம்தான் 'புறப்பாடு'. வண்டியோடு பொருத்தியிருக்கும் பதிவுக் கருவி அந்தக் கணத்திலிருந்துதான் நேரத்தை எண்ணத் தொடங்கும். இதன் மூலம் தொடக்க வேகப் பிரச்சினை நிரந்தரமாகத் தீர்க்கப்பட்டது என்று கடைசி வரி சொன்னது.

பஞ்சு அதை இரண்டு தடவை படித்தாள்.

"நம்ம வண்டி மேட்டுல இருபதைத் தாண்டாதேண்ணா."

"தாண்டாது."

"அப்ப நான் கிளம்பவே மாட்டேனா?"

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரமாக ஒரே ஸ்பேனரைத்தான் துடைத்தார்.

அடுத்த பத்தாவது நாள், குடியிருப்பின் உச்சியில் துணி வெளுக்கும் பெண் ஒருத்திக்கு மூச்சுத்திணறல். வண்டி சூடாகி முனகி, ஒன்பதரை நிமிடத்தில் பஞ்சுவை அங்கே கொண்டு சேர்த்தது. அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்சிஜன் கொடுத்துப் பிழைக்க வைத்தாள். அந்தப் பெண் கண் திறந்து முதலில் கேட்டது, "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்பதுதான்.

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பதிவுப்படி வண்டி புறப்படவில்லை. ஆனால் பணியாளர் சம்பவ இடத்தில் இருந்திருக்கிறார். அது எப்படி?

விசாரணைக்கு மெக்கானிக்கும் கூடப் போனார். பதிவு அதிகாரி அம்மாள் அதட்டவில்லை. கவலையோடுதான் கேட்டார்.

"புறப்படாம எப்படிம்மா போய்ச் சேந்தீங்க?"

"வண்டியிலதான் மேடம் போனேன். மெதுவாப் போனேன்."

"மெதுவாப் போனதா பதிவு இல்ல. போனதாவே இல்ல. ஆனா அந்த அம்மா பிழைச்சிருக்காங்க, மருத்துவமனைச் சீட்டுல உங்க கையெழுத்து இருக்கு. பாருங்க, நான் உங்களைத் தண்டிக்க நினைக்கல. கட்டத்துல ஏதாவது எழுதியாகணும். எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

பஞ்சுவுக்குச் சலித்துவிட்டது. "அங்கயே இருந்தேன்னு எழுதிக்கோங்க மேடம்" என்றாள்.

அவள் வெறுத்துப்போய்ச் சொன்னது. அதிகாரி அம்மாளின் முகமோ மலர்ந்துவிட்டது. அன்றே 'முன்னிருப்பு' என்று புதிய பிரிவு ஒன்று உருவாயிற்று. புறப்பாடு பதிவாகாமல் சம்பவ இடத்தில் காணப்படும் பணியாளர் முன்கூட்டியே அங்கு இருந்தவராகக் கருதப்படுவார். தாமதம் பூஜ்யம். நகரத்திலேயே முதல் முன்னிருப்பைச் சாதித்ததற்காகப் பஞ்சுவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவள் அதைப் படிக்காமல் மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள்.

மற்ற நிலையங்களில் ஆட்கள் விவரமானவர்கள். சமதளத்தில், நல்ல சாலையில் ஓடுகிறவர்கள்கூட முப்பத்தெட்டைத் தாண்டாமல் ஓட்டப் பழகிக்கொண்டார்கள். இரண்டே மாதத்தில் நகரம் முழுக்க முன்னிருப்பு. எங்கே யார் மயங்கி விழுந்தாலும், பதிவேட்டின்படி, அங்கே ஏற்கெனவே ஒரு முதலுதவிப் பணியாளர் நின்றுகொண்டிருந்தார். வேறு ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

பஞ்சு ஒருநாள் மாலை பட்டறை வாசலில் நின்று சொன்னாள்: "நான் வேலையை விடப்போறேண்ணா."

"ஏம்மா?"

"அந்தம்மா உதடு கண்ணுலயே நிக்குது. அடுத்த தடவை ஒருத்தர் செத்தாலும் நான் அங்கயேதான் நின்னேன்னு எழுதுவாங்க. யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆள் செத்துப்போறாரு, நான் பக்கத்துலயே நின்னு வேடிக்கை பாத்தேன்னு பதிவு இருக்கும்."

மெக்கானிக் பட்டறைச் சாமான் அறைக்குப் போய் மேல்தட்டை அண்ணாந்து பார்த்தார்.

அங்கே, வண்டி விற்ற நிறுவனம் விட்டுப்போன பெரிய மோட்டாரும் கன்ட்ரோலரும் மூன்று வருடமாகத் தூங்கின. 'மாதிரி, காட்சிக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஏணி போட்டு அவற்றைக் கீழே இறக்கினார். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்தாரா என்றால், இல்லை. பயந்துகொண்டேதான் செய்தார்.

பழைய சக்கரத்தைக் கழற்றி, புது மோட்டார் உள்ள சக்கரத்தை ஏற்றினார். இந்த மோட்டார் இழுக்கிற இழுப்பில் அச்சே திருகிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று தெரியும். அதனால் கெட்டியான இரும்புத் தகடு வெட்டி, அச்சை இரண்டு பக்கமும் பிடித்துக் கட்டினார். அவ்வளவு மின்சாரத்தைப் பேட்டரி தாங்குமா என்று பார்த்தார், தாங்கும். மெல்லிய கம்பிகளை எடுத்துவிட்டு விரல் பருமனுக்குக் கம்பி போட்டார். முதல் தடவை கைப்பிடியை முறுக்கியபோது சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது. மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றினார். இரண்டாம் தடவை வண்டி தாங்கியிலிருந்து துள்ளிப் போய்ச் சுவரில் முட்டியது. கன்ட்ரோலரைக் கணினியில் இணைத்து, எடுத்த எடுப்பில் சீறாமல் படிப்படியாக இழுக்கும்படி அமைத்தார். மாலை நான்கு மணிக்கு அவரே இரண்டு பெட்டியிலும் கல்லை நிரப்பிக்கொண்டு மேடேறினார். ஆறு விநாடியில் நாற்பது. உச்சிக்கு மூன்று நிமிடம் பத்து விநாடி. இறங்கிக் கன்ட்ரோலரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புதான். சாலையோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர் ஒருவரின் தொடையில் ரத்தம் நிற்காமல் பீய்ச்சியது. பஞ்சு மூன்றே நிமிடத்தில் அங்கே இருந்தாள். இன்னும் நான்கு நிமிடம் போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். திரும்பி வந்தவள் வண்டியின் பின்சக்கரத்தை, கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல், இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். ராஜினாமாவைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

அந்த நிம்மதி ஐந்து வாரம்தான்.

மாத முடிவில் பதிவு அதிகாரி அம்மாளே நிலையத்துக்கு வந்துவிட்டார். கையில் வரைபடம். நகரத்தின் மற்ற நாற்பத்தொரு வண்டிகளுக்கும் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

"உங்க வண்டி ஒண்ணுதாங்க நேரம் எடுக்குது" என்றார் அவர், வருத்தத்தோடு.

"மேடம், மூணு நிமிஷந்தான் எடுக்குது. முன்னாடி ஒன்பது."

"முன்னாடி பூஜ்யம். இதோ பாருங்க."

"அது அப்ப கிளம்பவே இல்லைன்னு நீங்க எழுதினதால..."

"அதைத்தான் சொல்றேன். கிளம்பாத வரைக்கும் நல்லா இருந்துச்சு. இப்பக் கிளம்புது, தாமதமாகுது. நகரத்துல மொத்தத் தாமதமும் இந்த ஒரு வண்டியாலதான். இயக்குநர் ரொம்ப மனசு கஷ்டப்படறாரு. அடுத்த மாசம் அவருக்கு விருது."

"மேடம், ஒரு ஆள் பிழைச்சிருக்காரு."

"மத்த நிலையத்துலயும் பிழைக்கிறாங்க."

"பிழைக்காதவங்க?"

அதிகாரி அம்மாள் வரைபடத்தைச் சுருட்டினார். "அதுக்கு இதுல கட்டம் இல்லைங்க" என்றார். சொல்லும்போது அவர் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை.

அனுமதியில்லாமல் மாதிரியைத் தொட்டதற்குக் கடும் எச்சரிக்கை. பழைய மோட்டாரையும் கன்ட்ரோலரையும் அதிகாரியின் முன்னிலையில் உடனே திரும்பப் பொருத்த வேண்டும். வண்டி பழைய நிலைக்கு வந்துவிட்டது என்பதற்குச் சோதனை ஓட்டமும் நடக்க வேண்டும்.

மெக்கானிக் பொருத்தினார். தான் போட்ட இரும்புத் தகட்டைத் தானே கழற்றும்போது ஒரு மரை வரவே மாட்டேன் என்றது. பஞ்சு வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வேலை முடிந்ததும், மெக்கானிக் ஓட்டுகிற இடத்தில் உட்கார, அதிகாரி அம்மாள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். விதிப்படி முழுச் சுமையோடு சோதிக்க வேண்டும். அவருடைய எடைக்கு ஈடாக ஆக்சிஜன் உருளையை மட்டும் இறக்கிவைத்தார்கள்.

இருநூறு மீட்டரில் வண்டி திணற ஆரம்பித்தது. நானூறில் நின்றது. நண்பகல் வெயில். மெக்கானிக் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி அம்மாள் இறங்கினார். மேலே பார்த்தார். குடியிருப்பு இன்னும் எட்டாத உயரத்தில் இருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படியா போனீங்க, முன்னாடியெல்லாம்?"

"இப்படித்தான் மேடம்."

"மேல வீடுங்க நிறைய இருக்கா?"

"அறுநூறு குடும்பம் இருக்கு."

அவர் மறுபடியும் மேலே பார்த்தார். ஏதோ நடக்கப்போகிறது என்று மெக்கானிக் நினைத்தார். அதிகாரி அம்மாள் படிவத்தை இருக்கையின் மேல் வைத்து, பேனாவைத் திறந்தார். 'வண்டி நாற்பதைத் தொடவில்லை. திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு, "என் கையில என்னங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறாமல், சரிவில் நடந்தே இறங்கிப் போனார்.

மாதிரியை அன்றே இயக்ககத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கண்ணாடிப் பேழைக்குள் வைத்து வரவேற்பறையில் வைக்கப்போவதாகச் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலை பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. மேட்டுக் குடியிருப்பில் கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவருக்கு நெஞ்சுவலி. பஞ்சு வண்டியில் ஏறி வாசலைத் தாண்டினாள். மெக்கானிக் பட்டறையிலிருந்து பார்த்தார். ஏற்றத்தின் ஆரம்பத்திலேயே வண்டி முனகுவது அவருக்குக் கேட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினார். நூறு மீட்டரில் வண்டியைப் பிடித்து, பின்பெட்டிகளுக்கு நடுவில் கையைக் கொடுத்துத் தள்ளினார்.

"அண்ணா, விடுங்க! உங்களால முடியாது!"

"முன்னாடி பாத்து ஓட்டும்மா!"

தள்ளும்போது மோட்டாரின் பாரம் குறைந்தது. கன்ட்ரோலர் நடுவழியில் கையை விரிக்கவில்லை. அது முடிவு செய்வதற்குள் உச்சி வந்துவிட்டது. ஏழே முக்கால் நிமிடம். கடிகாரக்காரருக்கு நினைவு தப்பியிருந்தது. பஞ்சு பெட்டியிலிருந்த கருவியால் நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்தாள், மார்பை அழுத்தினாள், மறுபடி அதிர்ச்சி கொடுத்தாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு நாடி கிடைத்தது. மருத்துவமனையின் பெரிய வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனதும் திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பதிவேட்டில் அன்றைக்கு முன்னிருப்பு ஒன்று கூடியது.

சாயங்காலம் வீட்டில் அவருடைய கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. மனைவி வெந்நீர் வைத்து ஊற்றியபடி முழுக் கதையையும் கேட்டார். இயக்குநரைத் திட்டுவார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை.

"நாளைக்கும் போன் வந்தா?" என்றார்.

"வரும்."

"தள்ளுவீங்களா?"

"வேற என்ன பண்றது?"

"எத்தனை நாளைக்கு?"

மெக்கானிக் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல" என்றார்.

மனைவி எழுந்து உள்ளே போனார். அலமாரியை உருட்டும் சத்தம் கேட்டது. பள்ளி விளையாட்டு விழாவுக்கு எப்போதோ வாங்கி மெக்கானிக் ஒரே ஒருநாள் போட்ட, வெள்ளை நிறக் கான்வாஸ் காலணியோடு வந்தார். அதைத் திருப்பி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கோத்தார்.

"செருப்பு வழுக்கும்" என்று சொல்லி, வாசலுக்குப் பக்கத்தில், காலையில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார்.